உஷார்! “அதெல்லாம் ஓடும் சார்” என்றால் சர்வரில் கை வைக்க விடாதீர்கள்

அகரம், தாடிக்கொம்பு, வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலை, ஆஸ்பத்திரி, கல்லூரி, மொத்த வியாபாரம் என்று எதை நடத்துபவராக இருந்தாலும் சரி, உங்கள் ஆபீஸில் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் இதை இன்றைக்கே படித்துவிடுங்கள். சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து உங்களுக்கு ஒரு போன் வந்திருக்கும், அல்லது சீக்கிரம் வரும். “சார், உங்க டேட்டாபேஸ் பழசாயிருச்சு, சப்போர்ட் முடியுது, புது வெர்ஷனுக்கு மாத்தியே ஆகணும்” என்பார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் உங்கள் கணக்கு மொத்தமும் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2016-க்கு ஆதரவு முடியும் தேதி 2026 ஜூலை 14. அதற்கு முந்தைய 2014-க்கு 2024 ஜூலை 9-ம் தேதியும், 2012-க்கு 2022 ஜூலை 12-ம் தேதியும் முடிந்துபோயின. மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு 2023 அக்டோபர், 8.0-க்கு 2026 ஏப்ரல். நம் பக்கத்து மில் ஆபீஸ்களில் யு.பி.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடக்கும் சர்வர்களில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் ஓடுகிறது. ஆக, மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதில் பொய் இல்லை.

ஆனால் அந்தத் தேதிக்கு மறுநாள் காலை சர்வர் நின்றுவிடாது. பில் போடலாம், சம்பளம் போடலாம். பாதுகாப்புக் குறைகளுக்கான அப்டேட் வராது என்பதுதான் ஆதரவு முடிவதன் அர்த்தம். அது பெரிய விஷயம்தான், நாளாக ஆக ஆபத்து கூடும். கூடுதல் கட்டணம் கட்டி அதைத் தள்ளிப்போடவும் வழி இருக்கிறது. எப்படியும் ‘நாளைக்கே மாத்தலைன்னா அவ்வளவுதான்’ என்று யாராவது அவசரப்படுத்தினால் அந்த அவசரத்துக்குப் பணியாதீர்கள். ஏனென்றால் உண்மையான ஆபத்து, மாற்றுவதற்கு முன்னால் படிக்க வேண்டிய தாள்களில் இருக்கிறது. அந்தத் தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதே இல்லை.

கரூர் ரோட்டில் ஒரு மில்லில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் மேஜைமேல் மூன்று தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். முதலாவது கொட்டேஷன். அதில் “எஸ்.க்யூ.எல். சர்வர் 2016 மற்றும் அதற்கு மேல்” என்று இருந்தது. இரண்டாவது இன்ஸ்டாலேஷன் கைடு. அதில் “2014, 2016, 2017” என்று மூன்றே பெயர். மூன்றாவது புது வெர்ஷனுக்கான ரிலீஸ் நோட்ஸ். “2014-க்கான ஆதரவு நீக்கப்பட்டது, 2019-ல் சோதிக்கப்பட்டது” என்றது அது. மூன்றும் ஒரே கம்பெனி கொடுத்த தாள்கள். இன்ஸ்டால் செய்ய வந்திருந்த பையன் பையில் வைத்திருந்ததோ 2022.

“தம்பி, இதுல எது சரி?” என்று கேட்டார் மேனேஜர்.

“கைடு பழசு சார், அதைப் பாக்காதீங்க. 2022 போட்டாலும் அதெல்லாம் ஓடும் சார்.”

“ஓடும்னு எழுதிக் குடுங்களேன்.”

“அதை டெக்னிக்கல் டீம்தான் சார் குடுக்கணும். நான் இன்ஸ்டாலேஷன் மட்டும்தான்.”

அந்தப் பையனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. காலையில் மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்து, சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துக் கையெழுத்து வாங்கிப் போக வேண்டும் என்று அனுப்பப்பட்டவன். மேனேஜர் கெட்டிக்காரர், அன்றைக்கு வேலையை நிறுத்தி, மெயில் போட்டார். “எங்கள் கஸ்டமர் போர்ட்டலில் உள்ள பட்டியலைப் பார்க்கவும்” என்று பதில் வந்தது. போர்ட்டலுக்குள் நுழைய ஏ.எம்.சி. கட்டியிருக்க வேண்டும். ஏ.எம்.சி. தொடங்குவதோ இன்ஸ்டாலேஷன் முடிந்த பிறகு! விடாமல் கேட்டு, கடைசியில் வாங்கிய எழுத்துப்பூர்வ பதிலில் இருந்தது, 2019 ஸ்டாண்டர்டு எடிஷன் மட்டும். பையில் வந்த 2022 அந்தப் பதிலில் இல்லவே இல்லை.

“மற்றும் அதற்கு மேல்” என்ற சொற்களைப் பார்த்தால் உஷாராகிவிடுங்கள். மூன்று தாள்களிலும் கெட்டது அந்த வரிதான். 2018-ல் எழுதிய ஆவணத்தில் ‘2016-க்கு மேல்’ என்று இருந்தால், எழுதியவர் 2022-ஐச் சோதித்துப் பார்த்திருக்க வழியே இல்லை. எஸ்.க்யூ.எல். சர்வர் 2022 வெளிவந்ததே 2022 நவம்பரில். வராத ஒன்றுக்கு முன்கூட்டியே உத்தரவாதம் கொடுத்த வரி அது. விற்பனைப் பிரிவுக்கு அந்த வரி பிடிக்கும், எந்த வாடிக்கையாளரும் கை நழுவமாட்டார். பழுது பார்க்கும் பிரிவுக்கு அந்த வரி தெரியவே தெரியாது. அவர்களிடம் வேறொரு பட்டியல் இருக்கும். கோளாறு வரும் நாளில் உங்களோடு பேசப்போகிறவர்கள் இரண்டாமவர்கள்.

தாள்கள் ஏன் இப்படி முரண்படுகின்றன? எல்லா நேரமும் ஏமாற்று வேலை இல்லை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு பிரிவு எழுதுகிறது; பழையதை யாரும் திரும்ப எடுத்துத் திருத்துவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்பிரஸ் எடிஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005, 2008 எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸின் உச்ச அளவு 4 ஜி.பி. 2008 ஆர்2-வில் இருந்து 10 ஜி.பி. 2025 எக்ஸ்பிரஸில் 50 ஜி.பி. உங்கள் கையில் உள்ள கைடு இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் அது எழுதப்பட்ட நாளில் சரிதான். “எக்ஸ்பிரஸே போதும் சார், 50 ஜி.பி. வரை தாங்கும்” என்று ஒருவர் புதிதாகப் படித்ததைச் சொல்லிவிட்டு 2019 எக்ஸ்பிரஸைப் போட்டுவிட்டுப் போனால், 10,240 எம்.பி.யைத் தொடும் நாளில் உங்கள் பில்லிங் நின்றுவிடும். அது பெரும்பாலும் மார்ச் மாதத்தில் நடக்கும், அப்போதுதான் கணக்கு வேலை குவியும்.

எடிஷனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் அடிபடுவது இங்கேதான். ஆவணத்தில் வெறுமனே ‘எஸ்.க்யூ.எல். சர்வர் 2019’ என்று போட்டிருப்பார்கள். எக்ஸ்பிரஸா, ஸ்டாண்டர்டா, என்டர்பிரைஸா என்று இருக்காது. அதே கைடின் பின்பக்கத்தில், ‘தினசரி பேக்கப்பை எஸ்.க்யூ.எல். சர்வர் ஏஜென்ட்டில் ஜாப் ஆகப் போட்டுக்கொள்ளவும்’ என்று எழுதியிருப்பார்கள். எக்ஸ்பிரஸில் அந்த ஏஜென்ட் கிடையவே கிடையாது. விளைவு? ராத்திரி பேக்கப் ஓடுகிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள்கூட ஓடியிருக்காது. ஹார்டு டிஸ்க் போன பிறகுதான் தெரியும்.

செலவு மிச்சம் என்று டெவலப்பர் எடிஷனைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் எல்லா வசதியும் உண்டு, அளவுக் கட்டுப்பாடு இல்லை, காசும் இல்லை. ஆனால் அது மென்பொருள் எழுதிச் சோதிப்பவர்களுக்காகக் கொடுப்பது. தொழில் நடத்தும் சர்வரில் ஓட்ட அதன் உரிமத்தில் அனுமதி இல்லை. லைசென்ஸ் தணிக்கை வந்தால் மாட்டுவது மில், போட்டுவிட்டுப் போனவர் அல்ல. இவாலுவேஷன் எடிஷன் இதைவிடப் பயங்கரம்: 180 நாள் கழிந்தால் டேட்டாபேஸ் சர்வீஸ் எழும்பாது. இன்ஸ்டால் செய்த நாளில் எல்லாம் அழகாக ஓடும், கையெழுத்தும் போட்டுவிடுவீர்கள்.

அடுத்த பொறி, தனித்தனியாகப் பார்த்தால் உண்மையாக இருந்து சேர்த்துப் பார்த்தால் பொய்யாகிவிடும் பட்டியல். ‘எங்கள் மென்பொருள் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, 2016, 2019-ல் ஓடும்’ என்று ஒரு பக்கம். ‘எஸ்.க்யூ.எல். சர்வர் 2016, 2017, 2019-ல் ஓடும்’ என்று இன்னொரு பக்கம். உங்களிடம் இருப்பது 2012 ஆர்2 சர்வர். பட்டியலில் அது இருக்கிறது. வாங்கச் சொல்வது 2019 டேட்டாபேஸ். அதுவும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் எஸ்.க்யூ.எல். சர்வர் 2019-க்குக் குறைந்தது விண்டோஸ் சர்வர் 2016 வேண்டும், 2022-க்கும் அப்படியே. ஆக, லைசென்ஸுக்குப் பணம் கட்டி, ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெட்டியில் அது ஏறாது என்று தெரியும். அப்புறம் புது விண்டோஸ், புது சர்வர் என்று செலவு இரண்டு மடங்காகும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வுக்கே 2023 அக்டோபர் 10-ல் ஆதரவு முடிந்துவிட்டது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மைஎஸ்க்யூஎல் பக்கம் போனால் வேறு விதமான குழப்பம். ‘மைஎஸ்க்யூஎல் 8’ என்று ஆவணம் சொல்லும். அது 8.0-வா, 2024 ஏப்ரலில் வந்த 8.4-ஆ? இரண்டும் ஒன்றில்லை. பழைய முறையில் பாஸ்வேர்டு சரிபார்க்கும் வசதி 8.4-ல் தானாக இயங்காது, நாமே திறந்துவிட வேண்டும், 9.0-ல் அதைத் தூக்கியே விட்டார்கள். உங்கள் மென்பொருள் பழைய இணைப்புக் கோப்பை வைத்திருந்தால், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாது. ‘பாஸ்வேர்டு தப்பு’ என்று நினைத்து ஒரு பகல் முழுக்க அதையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

“மரியாடிபி போட்டுக்கலாம் சார், மைஎஸ்க்யூஎல்லும் அதுவும் ஒண்ணுதான்” என்பார்கள். ஒரு காலத்தில் அநேகமாக ஒன்றாகத்தான் இருந்தன. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மான்டி விடேனியஸ், அது ஆரக்கிள் கைக்குப் போகப்போகிறது என்றான 2009-ல் அதிலிருந்து கிளை பிரித்துத் தொடங்கியது மரியாடிபி. அதற்குப் பிறகு இரண்டும் தனித்தனிப் பாதையில் வெகுதூரம் வந்துவிட்டன. மைஎஸ்க்யூஎல் 8-ல் எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்த இயல்பாக வைத்திருக்கும் முறையை மரியாடிபியின் பல வெர்ஷன்களுக்குத் தெரியவே தெரியாது. அங்கே எடுத்த பேக்கப்பை இங்கே ஏற்றினால் முதல் டேபிளிலேயே ‘தெரியாத கொலேஷன்’ என்று நின்றுவிடும். உலகம் முழுக்க ஐ.டி. கம்பெனிகள் பயன்படுத்தும் ஜிரா மென்பொருளைச் செய்யும் அட்லாசியன், மைஎஸ்க்யூஎல்லை ஆதரிப்பதாகச் சொன்ன அதே ஆவணத்தில், மரியாடிபியை ஆதரிப்பதில்லை என்றும் வெளிப்படையாக எழுதிவைத்தது. கூடவே கொடுக்கும் எச்2 என்ற சின்ன டேட்டாபேஸ் சோதித்துப் பார்க்க மட்டும்தான், வேலைக்கு ஆகாது என்றும் எழுதியது. அந்த அளவுக்கு வெட்டு ஒன்று துண்டு ரெண்டாக எழுதும் கம்பெனியிடம் வாங்குங்கள். ‘மைஎஸ்க்யூஎல் போன்றவை’ என்று எழுதும் கம்பெனியிடம் கேள்வி கேளுங்கள்.

ஆதரித்ததைப் பின்னால் கைவிடுவதும் நடக்கிறது. நம் பகுதிக் கல்லூரிகள் மூடுல் மென்பொருளில் பாடம் நடத்துவது உண்டு. அது ஆண்டுக்கணக்காக ஆரக்கிள் டேட்டாபேஸிலும் ஓடியது. 2025-ல் வந்த 5.0 வெர்ஷனில் ஆரக்கிள் ஆதரவை எடுத்துவிட்டார்கள். பெரிய மில்கள் வைத்திருக்கும் எஸ்.ஏ.பி.யும் அப்படித்தான். பழைய ஈ.சி.சி. மென்பொருள் ஆரக்கிள், டிபி2, எஸ்.க்யூ.எல். சர்வர் என்று பலவற்றில் ஓடியது. அடுத்து வந்த எஸ்/4ஹானா, எஸ்.ஏ.பி.யின் சொந்த ஹானா டேட்டாபேஸில் மட்டும்தான் ஓடும். ஈ.சி.சி.யின் புதிய பதிப்புகளுக்கே வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோடு முடிகிறது. பழைய கைடு ஒன்றை நம்பிப் பத்து வருஷத் திட்டம் போடாதீர்கள்.

இனி, எனக்கு உண்மையிலேயே பயம் தருகிற விஷயத்துக்கு வருகிறேன்.

எஸ்.க்யூ.எல். சர்வரில் டேட்டாபேஸை மேல் வெர்ஷனுக்குக் கொண்டுபோனால், திரும்பக் கீழே கொண்டுவர முடியாது. 2016-ல் எடுத்த பேக்கப்பை 2022-ல் ஏற்றலாம். ஏற்றிய பிறகு அங்கே எடுக்கும் பேக்கப் எதுவும் 2016-ல் ஏறாது. ‘கம்பாட்டிபிலிட்டி லெவல் குறைச்சு வெச்சிருக்கோம் சார், பிரச்சினை இல்லை’ என்பார்கள். அந்த லெவலைக் குறைத்தால் கட்டளைகள் பழைய மாதிரி நடந்துகொள்ளும், அவ்வளவுதான். டேட்டாபேஸ் கோப்பு புதியதாகவே இருக்கும். பழைய சர்வர் அதைத் தொடாது.

இது மில்லில் எப்படி விளையும் என்று பாருங்கள். தீபாவளி லீவில் மாற்றிவிடலாம் என்று நாள் குறிப்பார்கள். மில் நின்றிருக்கும், வசதியான நேரம். மாற்றியாயிற்று. லீவு முடிந்து ஒரு வாரம் நூல் பில், பஞ்சு வரவு, கூலி எல்லாம் புதிய டேட்டாபேஸில் பதிவாகிறது. எட்டாம் நாள் ஸ்டாக் ரிப்போர்ட் தப்பாக வருகிறது. எந்தக் கவுன்ட் நூல் எத்தனை மூட்டை என்று குடோனில் எண்ணிப் பார்த்தால் ஒன்று, கம்ப்யூட்டரில் வேறொன்று. சப்போர்ட்டுக்குப் போன் போட்டால், “2022 எங்க லிஸ்ட்ல இல்லை சார், 2019-க்கு மாத்திட்டு டிக்கெட் போடுங்க” என்கிறார்கள். 2019-க்கு இறக்க முடியாது. லீவுக்கு முந்தைய பழைய பேக்கப்புக்குப் போனால் ஒரு வார வேலை காலி. ஒவ்வொரு பில்லையும் கையால் திரும்ப அடிக்க வேண்டும். ஆனால் அந்த பில்களுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் இ-இன்வாய்ஸ் எண் விழுந்தாகிவிட்டது, லாரி திருப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது. 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம் ஆகிவிட்டதால், உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு என்று தள்ளிக்கொண்டு போக முடியாது. போர்ட்டலில் இருக்கிற எண்ணோடு உங்கள் எண் ஒவ்வொன்றும் பொருந்தியே ஆக வேண்டும்.

பிரைவேட் லிமிடெட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கயிறும் இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 128-ம் பிரிவுப்படி கணக்குகளை 8 ஆண்டு காப்பாற்றி வைக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடத்தைப் பதியும் மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும். பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி வைக்க வேண்டும் என்றும் விதி. அந்தத் திருத்தத் தடம் மென்பொருள் அளவில் மட்டும் பதிகிறதா, டேட்டாபேஸிலேயே நேராகப் போய்த் திருத்தினால் அதுவும் பதிகிறதா என்று ஆடிட்டர்கள் கேட்கிறார்கள்; டேட்டாபேஸ் அளவில் தடம் இல்லை என்ற குறிப்பு பல கம்பெனிகளின் ஆடிட் அறிக்கையில் ஏறியிருக்கிறது. ஆக, எந்த டேட்டாபேஸ், எந்த எடிஷன் என்பது கம்ப்யூட்டர்காரர் பார்த்துக்கொள்கிற சமாச்சாரமாக இனியும் இருக்க முடியாது. கையெழுத்துப் போடும் டைரக்டருக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

தமிழில் பெயர் பதிகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கூலிப் பட்டியல், நோயாளி பெயர், சங்க உறுப்பினர் பட்டியல் எல்லாம் நம் பக்கம் தமிழில் வைக்கிறோம். விண்டோஸில் தமிழுக்கென்று பழைய பாணி எழுத்துக் குறியீட்டுப் பக்கம் கிடையாது. தமிழ் யூனிகோடில் மட்டும்தான் உண்டு. எஸ்.க்யூ.எல். சர்வரில் ‘என்வார்கேர்’ என்ற வகைக் கட்டத்தில் தமிழ் பத்திரமாக இருக்கும். ‘வார்கேர்’ என்ற வகையில் போட்டால், 2019-ல் இருந்து கிடைக்கும் யு.டி.எஃப்.-8 கொலேஷன் வைத்திருந்தால் ஒழிய, ‘முருகேசன்’ என்று அடித்தது ஒன்பது கேள்விக்குறிகளாகப் பதிவாகும். பதிவான பிறகு அதைப் பெயராகத் திருப்பவே முடியாது. உள்ளே இருப்பதே கேள்விக்குறிதான். ஒரு கைடு ‘டீஃபால்ட் கொலேஷனே போதும்’ என்றும், இன்னொரு கைடு ‘யு.டி.எஃப்.-8 கொலேஷன் கட்டாயம்’ என்றும் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். சர்வரை நிறுவும்போதே தேர்ந்தெடுக்கிற விஷயம் இது. பின்னால் மாற்றுவது பெரும்பாடு. ஐந்நூறு பேர் கூலிப் பட்டியலை இழப்பதற்கு முன்னால் ஐந்து பெயரை அடித்து, சேமித்து, மூடி, திரும்பத் திறந்து பாருங்கள்.

சரி, என்ன செய்வது?

முதலில் உங்களிடம் இப்போது ஓடுவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். எஸ்.க்யூ.எல். சர்வர் என்றால் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைத் திறந்தால் இடது பக்கம் மேலே சர்வர் பெயர் தெரியும். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். 11 என்று தொடங்கினால் 2012. 12 என்றால் 2014. 13 என்றால் 2016, 14 என்றால் 2017, 15 என்றால் 2019, 16 என்றால் 2022. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், எந்த அப்டேட் வரை போட்டிருக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தாலும் போதும். டேட்டாபேஸ் எத்தனை ஜி.பி. என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வெண்டருக்கு ஒரு கடிதம். போனில் பேசாதீர்கள், வாட்ஸ்அப் குரல் செய்தி வேண்டாம், கம்பெனி மெயிலுக்கு அனுப்புங்கள். இந்த மாதிரி எழுதலாம்:

“எங்கள் நிறுவனத்தில் நிறுவ இருக்கும் தங்கள் மென்பொருளின் வெர்ஷன் எண் இது. இந்த வெர்ஷனை எந்த விண்டோஸ் சர்வர், எந்த டேட்டாபேஸ், அதன் எந்த வெர்ஷன், எந்த எடிஷன், எந்த அப்டேட், எந்த கொலேஷன் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துத் தாங்கள் சோதித்தீர்கள் என்பதை ஒரே அமைப்பாகக் குறிப்பிடவும். அந்த அமைப்பில் வரும் கோளாறுகளை ஏ.எம்.சி.யின் கீழ் சரிசெய்து தருவீர்கள் என்று உறுதி செய்யவும். தங்கள் கொட்டேஷன், இன்ஸ்டாலேஷன் கைடு, ரிலீஸ் நோட்ஸ் ஆகியவை ஒன்றுக்கொன்று முரண்படுவதால், இக்கடிதத்துக்கான பதிலே செல்லும் என்பதையும் தெரிவிக்கவும்.”

‘மற்றும் அதற்கு மேல்’ என்று பதில் வந்தால் திருப்பி அனுப்புங்கள். ‘ஓடும்’ என்று வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். ‘சோதித்தோம், ஆதரிக்கிறோம்’ என்ற இரண்டு சொற்களும் இருக்க வேண்டும். வந்த பதிலை பர்சேஸ் ஆர்டரின் இணைப்பாகச் சேருங்கள். இது ஏன் என்றால், பின்னால் தகராறு வந்தால் நுகர்வோர் கோர்ட் இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். வணிகப் பயன்பாட்டுக்கு வாங்கிய பொருளும் சேவையும் பொதுவாக 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. உங்கள் கையில் இருப்பது ஒப்பந்தத் தாள் மட்டும்தான்.

லைசென்ஸ் வாங்குவதிலும் ஒரு வசதி இருக்கிறது, பலருக்குச் சொல்லப்படுவதில்லை. கடைகளில் இப்போது புது வெர்ஷன்தான் கிடைக்கிறது, மென்பொருள்காரர் ஆதரிப்பதோ 2019 என்றால், கலங்க வேண்டாம். வால்யூம் லைசென்ஸாக வாங்கினால், புதிய வெர்ஷனுக்குப் பணம் கட்டி அதே எடிஷனின் பழைய வெர்ஷனை நிறுவிக்கொள்ளும் உரிமை உண்டு. 2019-க்கு 2030 ஜனவரி 8 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். எனவே ‘2019 கிடைக்கலை சார், அதான் 2022 கொண்டுவந்தேன்’ என்பது காரணமே ஆகாது.

மாற்றும் நாளுக்கு வெகு முன்னால், வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் பேக்கப்பின் நகலை ஏற்றி ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு மட்டும் டெவலப்பர் எடிஷன் தாராளமாகப் போதும். அது இருப்பதே இதற்குத்தான். ஒத்திகையில் போன மார்ச் மாதத்தின் ஸ்டாக், பாக்கிப் பட்டியல், ஜி.எஸ்.டி. ரிப்போர்ட் மூன்றையும் எடுத்து, அன்றைக்கு அச்சடித்த பழைய தாளோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர்காரரை விட்டுச் செய்யாதீர்கள். உங்கள் கணக்கரை உட்கார வையுங்கள். எந்த எண் எங்கே உதைக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

நாள் குறிக்கும்போது திருவிழா லீவைத் தவிர்த்துவிடுங்கள். முத்தாலம்மன் திருவிழாவோ தீபாவளியோ, நீங்கள் லீவு என்றால் அவர்களின் சப்போர்ட்டிலும் பாதிப் பேர் லீவு. சாதாரண வாரத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கி, திங்கள் காலை அவர்களின் ஆள் உங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருப்பார் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மாற்றி முடித்ததும் பழைய சர்வரை ஃபார்மேட் செய்ய விடாதீர்கள். “இதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கிறோம் சார்” என்று நல்ல விலைகூடச் சொல்வார்கள். நெட்வொர்க் வயரைக் கழற்றி, சேர்த்து வைத்த கடைசி பேக்கப்போடு பூட்டி வையுங்கள். அடுத்த மார்ச் கணக்கு முடிந்து, ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் பெட்டியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.